ஆளுமை டெஸ்ட் ரிசல்ட்டை வைத்து உங்களை நீங்களே படிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

“அக்கா, நான் ஐ.என்.எஃப்.பி. நீங்க?”

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் டீக்கடையில் வைத்துக் கேட்டாள். ஆளுமை டெஸ்ட் எழுதி, அது தரும் அந்த நாலெழுத்து டைப் கிடைத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் ஸ்டேட்டஸில் போட்டாகிவிட்டது. “சரி, அதை வச்சு என்ன பண்ணப் போற?” என்றேன். “பண்றதுக்கு என்னக்கா இருக்கு? நான் யாருன்னு தெரிஞ்சிடுச்சுல்ல” என்றாள். அடுத்த வாரத்திலிருந்து டீக்கே வருவதில்லை. இன்ட்ரோவர்ட்டாம், அதாவது கூட்டத்தைவிடத் தனிமையை நாடுகிறவளாம்.

டெஸ்ட் எழுத இருபது நிமிடம் போதும். அதற்கு முன்னால் ஒரு வார வேலை இருக்கிறது, பின்னால் மூன்று மாத வேலை இருக்கிறது. இரண்டையும் விட்டுவிட்டு நடுவில் உள்ள இருபது நிமிடத்தை மட்டும் செய்வதால்தான் ரிசல்ட் வெறும் பட்டப்பெயராக மிஞ்சுகிறது. எனக்கே இதைச் செய்து பார்த்திருக்கிறேன். கேட்டு வந்தவர்களோடு உட்கார்ந்தும் செய்திருக்கிறேன். தடுக்கி விழும் இடங்கள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றேதான். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் ஏன் வீணாகும் என்பதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு 40 பக்க நோட்டு. போன் ஆப் வேண்டாம். எழுதியதை அழிக்க முடியாமல் இருப்பதுதான் நோட்டின் பயன். அது பின்னால் தேவைப்படும்.

உங்களை வேறு வேறு இடத்தில் பார்க்கும் இரண்டு பேர். ஒருவர் வீட்டில், ஒருவர் வேலையிலோ கல்லூரியிலோ. இருவருமே உங்களிடம் பயப்படாதவர்களாக இருக்க வேண்டும். உங்களுக்குக் கீழே வேலை செய்பவரைக் கேட்டால் நல்லதாகத்தான் வரும்.

மூன்று மாதம். இடையில் ஒரு வாரம் ஊருக்குப் போனால் பரவாயில்லை.

தொடங்கக் கூடாத நேரமும் உண்டு. வேலை போன வாரம், காதல் முறிந்த வாரம், வீட்டில் துக்கம் நடந்த மாதம். அப்போது எழுதும் டெஸ்ட் அந்த வாரத்தைத்தான் அளக்கும், உங்களை அளக்காது. பல வாரமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் இந்த வழிகாட்டியை மூடிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். கவலைக்கோளாறும் மனச்சோர்வும் “என் டைப் அப்படி” என்று ஒதுக்கிவைக்கும் விஷயமில்லை.

1. முதலில் ஒரே ஒரு கேள்வி

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். “நான் யார்?” என்று எழுதினால் கிழித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அதற்கு ரமணாசிரமம் போகலாம், 120 கேள்வி டெஸ்ட் போதாது.

கேள்வியில் ஒரு இடமும் ஒரு செயலும் இருக்க வேண்டும். “மீட்டிங்கில் எனக்குத் தெரிந்த பதிலைக்கூட ஏன் சொல்வதில்லை?” “ஆரம்பித்த எந்த ஆன்லைன் கோர்ஸையும் ஏன் முடிப்பதில்லை?” “மாமியார் ஏதாவது சொன்னால் அரை மணி நேரம் கழித்து ஏன் பிள்ளைகளிடம் கத்துகிறேன்?” இப்படி.

காரணம் எளிது. ரிசல்ட் பல பக்கம் வரும். கேள்வி இல்லாமல் படிப்பவர் தன்னைப் புகழும் பத்தியில் நின்றுவிடுவார். கேள்வியோடு படிப்பவருக்குத் தேவையான இரண்டு பத்தி தானாகக் கண்ணில் படும்.

என் கேள்வி இது: “முடியாது என்று தெரிந்தும் ஏன் ‘சரி’ என்கிறேன்?”

2. டெஸ்டுக்கு முன்னால் பத்து சம்பவங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் படி இதுதான். நீங்களும் தாண்டத்தான் நினைப்பீர்கள். தாண்டினால் மற்ற எல்லாம் வீண்.

1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமை டெஸ்ட் ஒன்று வைத்தார். சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ‘ரிசல்ட்’ கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. அப்புறம்தான் தெரிந்தது, எல்லோர் கையிலும் இருந்தது ஒரே தாள். பெரும்பகுதி கடையில் விற்கும் ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள்.

அதாவது, விவரணையை முதலில் படித்துவிட்டால் நம் மனம் அதற்குப் பொருந்தும் சம்பவங்களைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். பொருந்தாதவை ஞாபகத்துக்கே வராது. அதனால் சம்பவங்களை முன்னாடியே எழுதிப் பூட்டிவிட வேண்டும். நோட்டில் அழிக்க முடியாது என்று சொன்னேனே, அது இதற்குத்தான்.

ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கேள்வியைத் தொடும் சம்பவங்கள் பத்து. கடந்த மூன்று மாதத்துக்குள் நடந்ததாக இருந்தால் நல்லது. அதில் ஐந்து, நீங்கள் வழக்கம்போல நடந்துகொண்டவை, மீதி ஐந்து அதற்கு மாறாக நடந்துகொண்டவை. பேசாமல் இருந்த மீட்டிங்கை மட்டும் எழுதாதீர்கள். பேசிய மீட்டிங்கையும் தேடி எழுதுங்கள். எல்லோருக்கும் அப்படி ஒன்றாவது இருக்கும். விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஒவ்வொன்றிலும் நாள், நேரம், எதிரே யார், என்ன சொன்னீர்கள் அல்லது செய்தீர்கள், உடம்பில் என்ன தெரிந்தது. இவ்வளவுதான். குணப்பெயர் எதுவும் வரக்கூடாது. “சோம்பேறித்தனமாக விட்டுவிட்டேன்” என்று எழுதினால் அது சம்பவம் இல்லை, தீர்ப்பு.

என் நோட்டிலிருந்து ஒன்று:

“வியாழன் இரவு 9.40. சித்தி போன். ஞாயிறு காலை மண்டபம் பார்க்கக் கூட வா என்றார். ஞாயிறு எனக்கு வேறு வேலை. ‘சரி சித்தி, வரேன்’ என்றேன். யோசிக்க இரண்டு விநாடிகூட எடுக்கவில்லை. வைத்தபிறகு பாத்திரம் தேய்த்தேன், சத்தம் கேட்டு இவர் எட்டிப் பார்த்தார்.”

இன்னொன்று, அதே மாதம்:

“திங்கள் காலை. அலுவலகத்தில் வேறு டீம் ஆள் ஒருவர் மெயிலில் ஒரு வேலை கேட்டார். ‘இந்த வாரம் முடியாது’ என்று பதில் போட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.”

இரண்டையும் அடுத்தடுத்து எழுதியபோதே எனக்கு ஏதோ உறைத்தது. ஆனால் அப்போது எந்த முடிவுக்கும் வராதீர்கள். பத்தையும் முடியுங்கள்.

3. எந்த டெஸ்ட்?

நாலெழுத்து டைப் தரும் டெஸ்ட்தான் பெரும்பாலோர் கையில் இருக்கிறது. அதன் மூலம் எம்.பி.டி.ஐ. எனப்படும் மையர்ஸ்-பிரிக்ஸ் டெஸ்ட். இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் அதிகாரபூர்வமான எம்.பி.டி.ஐ. இல்லை, அதைப் பார்த்துச் செய்தது. அது பெரிய குற்றமில்லை. சிக்கல் வேறு இரண்டு.

ஒன்று, எழுத்து. 51 சதவீதம் ‘ஐ’ (இன்ட்ரோவர்ட்) பக்கம் சாய்ந்தவருக்கும் 95 சதவீதம் சாய்ந்தவருக்கும் ஒரே எழுத்துதான் கிடைக்கிறது. பெரும்பாலோர் நடுவில்தான் இருப்பார்கள். நடுவில் இருப்பவர் அடுத்த மாதம் எழுதினால் எழுத்து மாறிவிடும், குணம் மாறாமலே.

இரண்டு, நாலெழுத்தில் கவலைக்கு இடமே இல்லை. சட்டென்று பதறுவது, எரிச்சல்படுவது, யார் என்ன நினைப்பார்களோ என்று கூசுவது எதையும் அந்த நாலில் ஒன்றும் அளப்பதில்லை. நம்மில் பலருக்கு முதல் பக்கத்துக் கேள்வியே அதைப் பற்றித்தான்.

அதனால் நான் பயன்படுத்துவது பிக் ஃபைவ் வகை. ஐந்து பெருங்குணங்கள்: ஓப்பன்னஸ் (புதியதை நாடுவது), கான்ஷியன்ஷியஸ்னஸ் (எடுத்ததை ஒழுங்காக முடிப்பது), எக்ஸ்ட்ராவெர்ஷன் (ஆட்களோடு கலகலப்பாக இருப்பது), அக்ரீயபிள்னஸ் (பிறரோடு ஒத்துப்போவது), நியூராட்டிசிசம் (மனம் கலங்கும் வேகம்). இதில் ஐ.பி.ஐ.பி.-நியோ 120 என்ற டெஸ்டை எடுங்கள். இதன் கேள்விகள் பொதுச்சொத்து, அதனால் இலவசமாகவே கிடைக்கும். ஒவ்வொரு பெருங்குணத்துக்கும் ஆறு உட்பிரிவு, ஒவ்வொரு உட்பிரிவுக்கும் நாலு கேள்வி, ஆக 120. நமக்கு வேலை செய்யப்போவது அந்த 30 உட்பிரிவுகள்தான். பத்துக் கேள்வி, இருபது கேள்வி டெஸ்டுகளில் உட்பிரிவு வராது. 300 கேள்வி வடிவமும் உண்டு, இன்னும் துல்லியமானது. பாதியில் களைத்து ஏனோதானோ என்று அமுக்குவீர்கள் என்றால் 120 போதும்.

ஏற்கெனவே நாலெழுத்து இருக்கிறதா? தூக்கிப் போட வேண்டாம். ஈ/ஐ (எக்ஸ்ட்ராவர்ட்டா, இன்ட்ரோவர்ட்டா) எக்ஸ்ட்ராவெர்ஷனோடும், என்/எஸ் (உள்ளுணர்வா, கண்ணால் கண்டதா) ஓப்பன்னஸோடும், எஃப்/டி (உணர்ச்சியா, தர்க்கமா) அக்ரீயபிள்னஸோடும், ஜே/பி (திட்டமிட்டா, போகிற போக்கிலா) கான்ஷியன்ஷியஸ்னஸோடும் ஓரளவு சேர்ந்து போகும். புது ரிசல்ட் வந்தபின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

4. பதில் போடுவது

காலையில் எழுதுங்கள், தனியாக. பக்கத்தில் யாராவது இருந்தால் அவர் பார்க்கிறார் என்பதற்காகவே இரண்டு பதில் மாறும். “இவ எப்படி எழுதுறான்னு பார்ப்போம்” என்று கணவர் தோளுக்குப் பின்னால் நின்றதால் ஒருத்தி மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

எந்த ‘நான்’ என்று முதலில் முடிவு செய்யுங்கள். அலுவலகத்து நானும் அம்மா வீட்டு நானும் ஒரே ஆள் இல்லை. ஒரு கேள்விக்கு அலுவலகத்தை நினைத்தும் அடுத்ததற்கு வீட்டை நினைத்தும் பதில் போட்டால் எல்லாம் நடுவில் வந்து நிற்கும். எதை நினைப்பது என்பதை முதல் பக்கத்துக் கேள்வியே சொல்லும். கேள்வி மீட்டிங் பற்றியது என்றால் 120-க்கும் அலுவலக ஆளாகவே பதில் சொல்லுங்கள்.

இப்போது இருக்கிறபடி எழுதுங்கள். இருக்க விரும்புகிறபடி எழுதுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. எனக்கு உதவிய ஒரு தந்திரம்: ஒவ்வொரு வரிக்கும் “கடைசியாக இது எப்போது நடந்தது?” என்று கேட்டுக்கொள்வது. நாள் ஞாபகம் வரவில்லை என்றால் அந்த வரி உங்களுக்கு அவ்வளவு பொருந்தவில்லை என்று அர்த்தம்.

நடு விருப்பத்தை ஒளிந்துகொள்ளும் இடமாக்காதீர்கள். இருபது முறைக்கு மேல் நடுவில் அமுக்கியிருந்தால் திரும்பப் போய்ப் பாதியையாவது ஒரு பக்கம் தள்ளுங்கள். எதிர்மறையாகக் கேட்கப்படும் வரிகளிலும் கவனம். வேகமாகப் போகும்போது தலைகீழாக அமுக்கிவிடுவோம்.

இனி, கேள்விகள் எழுதப்பட்ட ஊர் அமெரிக்கா என்பதால் வரும் தொல்லை. இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் ரிசல்ட்டை நேராகப் பாதிக்கும்.

பெரிய பார்ட்டிகள் பிடிக்குமா என்று ஒரு வரி வரும். நம்மில் பலர் ‘பார்ட்டி’ என்றதும் மதுவை நினைத்து ‘இல்லவே இல்லை’ போடுகிறார்கள். அவர்களே கல்யாண மண்டபத்தில் பந்தி பந்தியாக நின்று நானூறு பேரிடம் பேசுகிறவர்கள். அந்த இடத்தில் ‘விசேஷம்’ என்று போட்டுப் படியுங்கள். அறையைக் கலைத்துப் போட்டிருப்பேன் என்று இன்னொரு வரி. பின்னாலேயே அம்மா எடுத்து வைக்கிற வீட்டில் இருப்பவர் தன் அறை சுத்தம் என்று நினைத்துக்கொள்வார். அம்மா ஊரில் இல்லாத வாரத்தை நினைத்துப் பதில் போடுங்கள்.

லிபரல் வேட்பாளருக்கு ஓட்டுப் போடுவீர்களா, கன்சர்வேட்டிவ் வேட்பாளருக்கா என்றும் கேட்கும். நம் கட்சிகளை அந்த இரண்டு பெட்டிக்குள் அடைக்க முடியாது. ஓப்பன்னஸின் ஓர் உட்பிரிவில்தான் இந்த வரிகள் இருக்கின்றன. மனதில் பட்டதைப் போட்டுவிட்டுப் போங்கள். ரிசல்ட்டில் அந்த உட்பிரிவை மட்டும் பென்சிலால் அடித்துவிடுங்கள். ஓப்பன்னஸ் மொத்த எண்ணும் அதனால் கொஞ்சம் ஆடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

முடித்தவுடன் ரிசல்ட் பக்கத்தை பி.டி.எஃப். ஆகச் சேமியுங்கள். பல தளங்களில் ஜன்னலை மூடினால் போயிற்று.

5. எண்களைப் படிப்பது

“அக்கா, கான்ஷியன்ஷியஸ்னஸ்ல 35 தான். ஜஸ்ட் பாஸ்!”

எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். இது மார்க் இல்லை, பர்சென்டைல். உங்கள் வயது, பாலினத்தைச் சேர்ந்த நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் 35 பேருக்கு முன்னால் நிற்கிறீர்கள், அவ்வளவுதான். தொடக்கத்தில் வயதும் பாலினமும் கேட்டது இந்த ஒப்பீட்டுக்காகத்தான். 90 வாங்கினால் பெருமையும் இல்லை. அக்ரீயபிள்னஸில் 90 வாங்கியவர் கடன் கொடுத்துவிட்டுத் திரும்பக் கேட்க முடியாமல் அலைகிறவராகவும் இருக்கலாம்.

இந்த டெஸ்டின் அறிக்கை கீழ் 30 பேரைக் ‘குறைவு’ என்றும், நடு 40 பேரைச் ‘சராசரி’ என்றும், மேல் 30 பேரை ‘அதிகம்’ என்றும் பிரிக்கும். சராசரியில் விழுந்த பெருங்குணத்தை ஒதுக்கிவிடாதீர்கள். உள்ளே ஆறு உட்பிரிவில் ஒன்று உச்சத்திலும் ஒன்று பாதாளத்திலும் இருந்தால்கூட மொத்தம் சராசரி என்றுதான் காட்டும்.

டீக்கடைக்கு வராமல் போன பெண்ணை மறுபடி உட்கார வைத்து இந்த டெஸ்டை எழுத வைத்தேன். எக்ஸ்ட்ராவெர்ஷன் குறைவுதான். உட்பிரிவுகளைத் திறந்தோம். கூட்டத்தை விரும்புவது அடிமட்டத்தில் கிடந்தது. ஆனால் சிநேகமாகப் பழகுவது சராசரிக்கு மேலே. அவளுடைய பத்து சம்பவங்களை எடுத்தோம். திணறியது எல்லாம் பன்னிரண்டு பேர் சேர்ந்து சாப்பிடும் மேஜையில். நன்றாக இருந்தது எல்லாம் இரண்டு மூன்று பேரோடு. டீக்கடைக்குப் போவது நாங்கள் மூன்று பேர்.

“அப்போ நான் டீக்கு வரலாமாக்கா?”

வந்தாள். மத்தியானச் சாப்பாட்டை ஓரமாக ஒரு தோழியோடு வைத்துக்கொண்டாள். ஒரே ஓர் எழுத்து இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடியிருந்தது.

30 உட்பிரிவில் மிக உயர்ந்த மூன்று, மிகத் தாழ்ந்த மூன்று. இந்த ஆறை மட்டும் நோட்டில் எழுதுங்கள்.

6. ரிசல்ட்டைச் சம்பவங்களோடு மோத விடுவது

இப்போது பழைய பக்கங்களைத் திறங்கள். ஆறு உட்பிரிவில் ஒவ்வொன்றுக்கும், பத்து சம்பவங்களில் எத்தனை அதை ஆதரிக்கின்றன, எத்தனை மறுக்கின்றன என்று பக்கத்தில் குறியுங்கள். சம்பந்தமே இல்லை என்றால் விட்டுவிடுங்கள். ஆதரிக்கும் சம்பவம் ஒன்றுகூட இல்லாததை அடித்துவிடுங்கள். டெஸ்ட் சொல்லிவிட்டது என்பதற்காக ஏற்க வேண்டியதில்லை.

விவரணை வரிகளுக்கு இன்னொரு சோதனை இருக்கிறது. உங்களுக்கு நேரெதிர் டைப்பின் விவரணையைத் தேடிப் படியுங்கள். அங்கேயும் ‘அட, இது நானேதான்’ என்று தோன்றும் வரிகள் இருக்கும். “வெளியே உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் தயக்கம் உண்டு” மாதிரி. இரண்டு பக்கமும் பொருந்தும் வரி தினத்தாள் ராசிபலன். இரண்டிலும் அடித்துவிடுங்கள். இதைச் செய்தபின் ஒரு பக்க விவரணையில் நாலைந்து வரி மிஞ்சினாலே அதிகம். மிஞ்சுவது உங்களுடையது.

எனக்கு மிஞ்சியது: ஒத்துப்போவது மிக உயர்வு, தன் பக்கத்தை வலியுறுத்துவது தாழ்வு. ஆனால் நோட்டு அதோடு ஒரு திருத்தம் சேர்த்தது. மெயிலில் மறுக்கிறேன், போனிலும் நேரிலும் மட்டும் முடியவில்லை. யாரிடம் என்பதைவிட யோசிக்க இடைவெளி இருந்ததா என்பதுதான் வித்தியாசம். டெஸ்ட் இதைச் சொல்லியிருக்காது. சம்பவங்களை மட்டும் வைத்திருந்தாலும் இவ்வளவு சீக்கிரம் கண்ணில் பட்டிருக்காது என்றே நினைக்கிறேன்.

7. இரண்டு பேரிடம் கேட்பது

ரிசல்ட்டைக் காட்டிக் கேட்காதீர்கள். காட்டினால் “ஆமா, நீ அப்படித்தான்” என்பார்கள். ஃபோரர் கதைதான்.

“நான் எப்படிப்பட்டவ?” என்றும் கேட்காதீர்கள். வீட்டில் கேட்டால் “ஏன், திடீர்னு என்ன ஆச்சு?” என்றுதான் பதில் வரும். நடந்த ஒன்றைச் சொல்லிக் கேளுங்கள். நான் தம்பியிடம் கேட்டது: “அன்னைக்கு சித்தி கூப்பிட்டப்போ பக்கத்துல இருந்தியே, நான் பேசினது எப்படி இருந்துச்சு?”

“நீ சரின்னு சொல்றப்போ உன் குரல் ஒரு மாதிரி மெலிசாயிடும்க்கா. நிஜமாவே சரின்னா அப்படி வராது. சித்திக்குக்கூட தெரியும்னு நினைக்கிறேன்.”

எனக்குத் தெரியாமலிருந்தது. நான் நன்றாக மறைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

எதில் யாரை நம்புவது என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010-ல் வெளியிட்ட ஆய்வின்படி, பதற்றம், கவலை போன்ற உள்ளே நடப்பவற்றில் நாம் நம்மைப் பற்றிச் சொல்வதே சரியாக வருகிறது. புத்திசாலித்தனம் மாதிரி நல்லது கெட்டது என்ற எடை ஒட்டிக்கொண்டிருக்கும் குணங்களில் நண்பர்கள் சொல்வது மேலாக இருக்கிறது. ஆகவே “உனக்கு அவ்வளவு பயமெல்லாம் கிடையாது” என்று அண்ணன் சொன்னால் சிரித்துவிட்டு விடுங்கள். “நீ குறுக்கே குறுக்கே பேசுற” என்று சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்லும்போது எதிர்வாதம் செய்யக்கூடாது. ஒருமுறை செய்தால் அந்த ஆள் இனி உண்மை சொல்லமாட்டார்.

8. ஒரு உட்பிரிவு, ஒரு சூழ்நிலை, ஒரு வாக்கியம்

குணத்தை மாற்றுகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். ‘இனிமேல் தைரியமாக இருப்பேன்’ என்பதை நாளைக் காலையில் எந்த நிமிடத்தில் செய்வது? நேரம், இடம் இல்லாத தீர்மானம் ஜனவரி 1 டயரி மாதிரிதான்.

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் ஆராய்ந்து காட்டிய வடிவம் ஒன்று உண்டு: “இப்படி நடந்தால், இதைச் செய்வேன்.” முன்பாதியில் கண்ணுக்கோ காதுக்கோ தெரியும் ஓர் அடையாளம். பின்பாதியில் பத்து விநாடியில் முடியும் ஒரு செயல். அடையாளம் வந்ததும் யோசிக்க வேண்டியதில்லை என்பதுதான் இதன் பலம்.

என்னுடையது: “போனிலோ நேரிலோ யாராவது என் நேரத்தைக் கேட்டால், ‘பார்த்துட்டுக் காலையில சொல்றேன்’ என்பேன்.”

கவனியுங்கள், ‘முடியாது என்பேன்’ என்று எழுதவில்லை. ஒத்துப்போகும் குணம் இவ்வளவு உயர்வாக இருப்பவள் சித்தியிடம் ஒரே நாளில் ‘முடியாது’ சொல்லிவிடமாட்டாள். எனக்குத் தேவைப்பட்டது இடைவெளி, அது மெயிலில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்தது. உங்கள் வாக்கியத்தையும் நீங்கள் மாறாக நடந்துகொண்ட அந்த ஐந்து சம்பவங்களிலிருந்து எடுங்கள். எங்கேயோ ஒரு மூலையில் நீங்கள் செய்து பார்த்த செயலைத் தவறும் இடத்துக்குக் கொண்டுவருவது புதிதாக ஒன்றைக் கற்பதைவிட எளிது.

இன்னும் சில, மற்றவர்கள் எழுதியவை: “மீட்டிங்கில் முதல் ஆள் பேசி முடித்தால், நான் ஒரு கேள்வி கேட்பேன்.” “இரவு சாப்பிட்டு எழுந்தால், லேப்டாப்பைத் திறந்து கோர்ஸ் வீடியோவைப் போட்டு ஐந்து நிமிடம் பார்ப்பேன்.” ஒரே சமயத்தில் இரண்டு வாக்கியம் வைத்துக்கொள்ளாதீர்கள். ஆசையாக இருக்கும், வேண்டாம்.

9. பன்னிரண்டு வாரம், தினமும் ஒரு குறி

தினமும் இரவில் மூன்றில் ஒரு குறி. சந்தர்ப்பம் வந்தது, செய்தேன்: டிக். வந்தது, விட்டேன்: பெருக்கல். சந்தர்ப்பமே வரவில்லை: கோடு. கோடு முக்கியம். அது இல்லாவிட்டால், யாருமே எதுவும் கேட்காத வாரத்தை வெற்றியாக எண்ணிக்கொள்வோம். தொடர்ந்து பத்து நாள் கோடாகவே வந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்த சூழ்நிலை அரிதானது, எட்டாம் படிக்குத் திரும்புங்கள்.

என் முதல் இரண்டு வாரம்: ஆறு சந்தர்ப்பம், ஒரே ஒரு டிக். மூன்றாம் வாரம் நன்றாகப் போனது, அதுவே வினையானது. அலுவலகத்தில் மூத்தவர் ஒருவரிடம் ‘காலையில சொல்றேன்’ என்றேன், மறுநாள் சொல்ல மறந்தேன். அவர் கோபப்பட்டது நியாயம். அப்புறம் வாக்கியத்தில் ஒரு வால் சேர்த்தேன்: “போனை வைத்ததும் காலை 9 மணிக்கு அலாரம் வைப்பேன்.” உங்கள் வாக்கியத்திலும் மூன்றாம் வாரத்துக்குள் ஏதோ ஒரு ஓட்டை தெரியும். அடைத்துவிட்டுத் தொடருங்கள், வாக்கியத்தையே தூக்கிப் போடாதீர்கள்.

நேதன் ஹட்சன் என்ற உளவியலாளரும் சகாக்களும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், கல்லூரி மாணவர்கள் மாற்ற விரும்பும் குணத்துக்கேற்ற சிறு சவால்களை 15 வாரம் எடுத்துக்கொண்டார்கள். சவாலைச் செய்து முடித்தவர்களிடம் மாற்றம் தெரிந்தது; எடுத்துக்கொண்டு செய்யாமல் விட்டவர்களுக்கு அது உதவவில்லை. அதனால் வாக்கியம் பெரிதாக இருக்கிறதா சிறிதாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் சிறிதாக்குங்கள்.

பெருக்கல் குறிகள் சேரும்போது ‘என் டைப்பே இதுதான், என்ன செய்ய’ என்ற குரல் வரும். பெரும்பாலும் ஐந்தாவது வாரத்தில். அந்தக் குரலுக்காகத்தான் மாறாக நடந்துகொண்ட ஐந்து சம்பவங்களை முன்னாடியே எழுத வைத்தேன். பக்கத்தைத் திருப்பிப் படித்துவிட்டு அன்றைய குறியைப் போட்டுத் தூங்குங்கள்.

10. மற்றவர்கள் மேல் பிரயோகிக்காதீர்கள்

இதைக் கற்றவுடன் கணவருக்கும் மேனேஜருக்கும் மாமியாருக்கும் டைப் கண்டுபிடிக்கக் கை பரபரக்கும். அவர்கள் டெஸ்ட் எழுதவில்லை, உங்களுக்குத் தெரிவது ஒரு பக்கம் மட்டும். “நீ டி டைப், உனக்கு என் உணர்ச்சி புரியாது” என்று சண்டையில் சொல்லிவிட்டு அதைத் திரும்ப வாங்க ஒருவர் ஒரு மாதம் கஷ்டப்பட்டார்.

ஜாதகத்துக்குப் பதிலாக நாலெழுத்தைப் பொருத்திப் பார்க்கும் வேலையும் வேண்டாம். ஆள் எடுக்கவும் கூடாது, எம்.பி.டி.ஐ.-யை வெளியிடும் நிறுவனமே அதை வேலைக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. பத்து வயதுப் பிள்ளையை இன்ட்ரோவர்ட் என்று விருந்தாளிகள் முன்னால் அறிமுகம் செய்வதும் இதில் சேர்த்தி.

11. மறுபடி எழுதுவது

மூன்று மாதம் முடியும் முன் மறுபடி எழுதாதீர்கள். வாராவாரம் எழுதிப் பார்த்தவர் ஒருவர் கேள்விகளையே மனப்பாடம் செய்துவிட்டார்.

எழுதும்போது அதே டெஸ்ட், அதே ‘நான்’, அதே காலை நேரம். பழைய பி.டி.எஃப்.-ஐ முதலில் திறக்காதீர்கள். எண்களை ஒப்பிடும்போது உட்பிரிவுக்கு நாலே கேள்விதான் என்பதை ஞாபகம் வையுங்கள். ஒரு பதில் ஒரு படி மாறினாலே பர்சென்டைல் நன்றாக நகரும். எனவே சின்ன ஏற்ற இறக்கத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். எனக்கு வலியுறுத்தும் உட்பிரிவு கொஞ்சம்தான் ஏறியது. குறிகளின் பக்கத்தில் கடைசி இரண்டு வாரம் ஏழுக்கு ஐந்து டிக். இரண்டில் எதை நம்புவது என்றால், நான் குறிகளையே நம்புகிறேன்.

அடுத்த சுற்றுக்குக் கேள்வியை மாற்றிக்கொள்ளலாம். பழைய பத்து சம்பவங்களை மட்டும் மறுபடி பயன்படுத்தாதீர்கள், அவற்றை ஏற்கெனவே ரிசல்ட்டின் கண்ணால் படித்தாகிவிட்டது. புதிதாகப் பத்து எழுதுங்கள், நோட்டின் பின்பக்கத்திலிருந்து.